காரில் குழந்தைக்கு எந்த வார் பொருந்தும்?

பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீடு திரும்பும் நாளில் மருத்துவமனை வாயிலில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். பூத்துவாலையில் சுற்றிய குழந்தையை மடியில் ஏந்தியபடி பாட்டி காரின் முன்னிருக்கையில் அமர்கிறார். தாய் பின்னிருக்கையில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்கிறார். ஓட்டுபவர் தம் சீட் பெல்ட்டை மாட்டிக்கொள்கிறார். வண்டி புறப்படுகிறது. அந்த வண்டியில் இருப்பவர்களுள் மிக மென்மையான உடலைக் கொண்ட ஒருவருக்கு மட்டும் எந்தப் பிணைப்பும் இல்லை.

அண்மைக் காலமாக இந்நிலை சற்று மாறி வருகிறது. திருநகர், ஹார்விபட்டி, திருப்பரங்குன்றம் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் இளம் பெற்றோர் பலர், குழந்தைக்கான கார் இருக்கை தேவையா என்று கேட்பதை விட்டு, எந்த வகையை வாங்குவது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கடையிலும் கைப்பேசியிலும் பார்த்துக் குழம்பிய நிலையில்தான் அவர்கள் வருகிறார்கள். மும்முனை வார், ஐந்துமுனை வார், வயிற்றுக்கு முன்னே திண்டு வைத்த வகை, காரின் சீட் பெல்ட்டையே பயன்படுத்தும் பூஸ்டர் என்று பல உள்ளன. ஒவ்வொன்றையும் விற்பவர் அதுவே சிறந்தது என்கிறார். எந்த வார் எந்த உடலுக்கு, ஏன் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

பத்து கிலோ இருநூறு கிலோ ஆகும்போது

மணிக்கு 50 கி.மீ. என்பது நமது திருமங்கலம் சாலையில் யாரும் வேகம் என்றே மதிக்காத வேகம். நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் சென்று ஒரு சுவரில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். காரின் முன்பகுதி நசுங்கி, அரை மீட்டர் தூரத்திற்குள் வண்டி நின்றுவிடுவதாகக் கொள்வோம். அப்போது உள்ளே இருக்கும் ஒவ்வோர் உடலும் தன் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னே பாயும். 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த 200 கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரமோ பத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. எந்தத் தாயாலும், எந்தப் பயில்வானாலும் அது இயலாது.

மடியில் வைத்திருப்பவர் பெல்ட் அணியவில்லை எனில் நிலைமை இன்னும் மோசம். அவருடைய உடலே குழந்தையை முன்னிருக்கையோடும் டேஷ்போர்டோடும் சேர்த்து நசுக்கும். ஒரே பெல்ட்டைத் தனக்கும் குழந்தைக்கும் சேர்த்து மாட்டிக்கொண்டாலும் விளைவு அதுவே. மார்பில் கட்டிக்கொள்ளும் கங்காருப் பை வீட்டிலும் கடைத்தெருவிலும் நல்லது, காரில் ஆகாது. வேனின் கம்பியில் தூளி கட்டித் தூங்க வைப்பதைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை.

குழந்தை, சிறிய உருவில் இருக்கும் பெரியவர் அல்ல

வார்களை ஒப்பிடுவதற்கு முன் குழந்தையின் உடலைப் பற்றி மூன்று செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும். எந்த வார் நல்லது என்ற கேள்விக்கான விடை கடையில் இல்லை. இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதலாவது தலை. ஒன்பது மாதக் குழந்தையின் தலை அதன் உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு. பெரியவருக்கு அது சுமார் 6 விழுக்காடு மட்டுமே. நம் கழுத்தின்மேல் பெரியதொரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு வண்டியில் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது கழுத்து. குழந்தையின் கழுத்தெலும்புகள் இன்னும் முழுமையாக எலும்பாகவில்லை. பகுதி குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவற்றைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்ந்தவை. பச்சிளங்குழந்தையின் முதுகெலும்புத் தொடர் அறுபடாமல் சுமார் 5 செ.மீ. வரை நீளக்கூடும். ஆனால் அதனுள்ளே ஓடும் தண்டுவடம் 6 மி.மீ. அளவு இழுபட்டாலே கிழிந்துவிடும். அதனால்தான் சில குழந்தைகளுக்கு எக்ஸ்ரே படத்தில் எலும்பு முறிவு எதுவும் தெரியாத நிலையிலும் கைகால்கள் செயலற்றுப் போகின்றன. மருத்துவர்களுக்கு இது மிகுந்த வேதனை தரும் காயங்களுள் ஒன்று. எலும்பு ஒட்டும், தண்டுவடம் ஒட்டாது.

மூன்றாவது இடுப்பு. பெரியவரின் இடுப்பெலும்பு இருபுறமும் வளைந்து எழும்பி நிற்கும். சீட் பெல்ட்டின் கீழ்வார் அதில் கொக்கி போல் மாட்டி நிற்கும். குழந்தைக்கு அந்த விளிம்பு ஏறத்தாழ பத்து வயது வரை சரியாக உருவாவதில்லை. ஆகவே பெரியவருக்கான பெல்ட் மோதலின்போது இடுப்பை விட்டு மேலேறி வயிற்றின் மென்பகுதியில் அழுந்துகிறது. வயிற்றின் குறுக்கே பெல்ட் அளவில் ஒரு கன்றிய கோடு, உள்ளே கிழிந்த குடல், பின்னே முறிந்த இடுப்பு முதுகெலும்பு. இம்மூன்றும் சேர்ந்து வருவதை மருத்துவ நூல்கள் 'சீட் பெல்ட் காயத்தொகுதி' என்றே குறிப்பிடுகின்றன. விபத்தில் சிக்கிய குழந்தையின் வயிற்றில் அந்தக் கோடு தென்பட்டால், குழந்தை நலமாக ஓடியாடினாலும் அறுவை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். குடல் கிழிந்ததன் அறிகுறிகள் சில மணி நேரம், சில வேளை ஒரு நாள் கழித்துத்தான் வெளிப்படும்.

இவற்றிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. மோதலின் விசை குழந்தையின் முதுகுப்புறம் முழுவதிலும் பரவ வேண்டும். அது இயலாதபோது தோள், இடுப்பு ஆகிய வலுவான எலும்புகளில் விழ வேண்டும். கழுத்திலும் வயிற்றிலும் விழக்கூடாது. எல்லா வகை வார்களையும் நாம் இந்த விதியைக் கொண்டே அளக்கப் போகிறோம்.

முதலில் திசை, பிறகுதான் வார்

வாரைவிட முக்கியமானது குழந்தை எத்திசை நோக்கி அமர்கிறது என்பது. கார் முன்னோக்கிச் செல்ல, குழந்தை பின்னோக்கி அமர்ந்திருந்தால், மோதலில் அதன் முதுகும் கழுத்தும் தலையும் ஒரே நேரத்தில் இருக்கையின் முதுகுப் பலகையில் அழுந்துகின்றன. கழுத்து இழுபடுவதில்லை. சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் 1960களில் இவ்வகை இருக்கையை உருவாக்கினார். விண்வெளி வீரர்கள் ஏவப்படும்போது மல்லாந்து படுத்து, விசையை முதுகில் தாங்குவதைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது. வால்வோ நிறுவனம் 1964இல் இதன் முதல் மாதிரியைச் சோதித்தது. சுவீடனில் நான்கு வயது வரை குழந்தைகளைப் பின்னோக்கி அமர்த்துவது இன்றும் பொது வழக்கம்.

ஐரோப்பாவின் பழைய ஆர்44 விதி 9 கிலோ எடை வந்தால் முன்னோக்கித் திருப்பலாம் என்றது. 2013இல் வந்த ஆர்129 விதி, 15 மாதம் நிறையும் வரை திருப்பவே கூடாது என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, இருக்கை தாங்கும் எடையும் உயரமும் முடியும் வரை பின்னோக்கியே வைத்திருங்கள் என்று அறிவித்தது. நம் நாட்டில் விற்கும் பல இருக்கைகள் ஆர்44 விதியையும் அதை ஒட்டிய ஏ.ஐ.எஸ். 072 என்னும் இந்திய நெறியையும் பின்பற்றுபவை. அட்டையில் '9 கிலோவிலிருந்து முன்னோக்கி' என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். அது குறைந்தபட்ச அனுமதியே தவிர, அறிவுரை அன்று. நம் குழந்தைகள் பலர் முதல் பிறந்தநாளை ஒட்டியே 9 கிலோவை எட்டிவிடுகிறார்கள். அப்போது அவர்களின் கழுத்து தயாராக இருப்பதில்லை. இரண்டு வயது வரையேனும், இருக்கை இடம் கொடுத்தால் அதற்கு மேலும், பின்னோக்கியே வையுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை.

கால் மடங்கியிருக்கிறதே, வலிக்காதா என்று கேட்கிறார்கள். குழந்தைகள் தரையில் சம்மணமிட்டு மணிக்கணக்கில் விளையாடுபவர்கள். மடங்கிய கால் அவர்களுக்குத் துன்பமில்லை. மோதலில் கால் முறிந்தாலும் ஆறு வாரத்தில் கூடிவிடும்.

வார்களின் வகைகள்

*மும்முனை வார்.* பச்சிளங்குழந்தைகளைத் தூக்கிச் செல்லும் கூடை போன்ற இருக்கைகளில் இருப்பது. இரு தோள்களிலிருந்து வரும் வார்கள் கால்களுக்கிடையே ஒரே பூட்டில் சேர்கின்றன. இடுப்புக்குத் தனி வார் இல்லை. பின்னோக்கிய இருக்கையில் முன்புற மோதலின் பெரும்பகுதி விசையை முதுகுப் பலகையே ஏற்பதால், சில மாதக் குழந்தைக்கு இது போதுமானதே. ஆனால் வண்டி பக்கவாட்டில் மோதப்பட்டாலோ உருண்டாலோ குழந்தை நழுவுவதற்கு இதில் வாய்ப்பு அதிகம். விலையில் பெரிய வேறுபாடு இல்லாதபோது ஐந்துமுனையைத் தேர்வதே நன்று.

*ஐந்துமுனை வார்.* தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கிடையே ஒன்று. விமானப் படையினரும் கார்ப் பந்தய வீரர்களும் அணியும் பல்முனை வார்களின் உறவினர் இது. நாம் சொன்ன விதியோடு மிக நன்றாகப் பொருந்துவது இதுவே. விசை இரு தோள்களிலும் இரு இடுப்பிலும் பகிரப்படுகிறது. கவட்டுவார் இடுப்புவாரை வயிற்றுக்கு ஏறவிடாமல் கீழே பிடித்து வைக்கிறது. பின்னோக்கியும் முன்னோக்கியும் பயன்படுத்தலாம். பெரும்பாலான இருக்கைகளில் சுமார் 18 கிலோ வரை, அதாவது ஏறத்தாழ நான்கு வயது வரை பொருந்தும்.

இதன் குறை அதன் அமைப்பில் இல்லை, நம் கைகளில் இருக்கிறது. ஐந்து முனைகளையும் ஒவ்வொரு முறையும் சரியாக இறுக்க வேண்டும். அவசரத்தில் தளர்வாக விடப்படும் ஐந்துமுனை வார், பெயரளவில்தான் ஐந்துமுனை. சோதிப்பது எளிது. குழந்தையைப் பூட்டிய பின் தோளெலும்பின் மேல் வாரைச் செங்குத்தாக இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். வழுக்கிவிட்டால் சரி.

தோள்வார் எந்தத் துளையிலிருந்து வெளிவருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னோக்கி அமரும் குழந்தைக்கு அது தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். மோதலில் குழந்தை பலகையை ஒட்டி மேல்நோக்கி வழுக்கும் என்பதால் கீழிருந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. முன்னோக்கி அமரும் குழந்தைக்கு அதற்கு நேர்மாறாக, தோள் மட்டத்திலோ சற்று மேலோ இருக்க வேண்டும். கீழே இருந்தால் வார் தோளை அழுத்தி முதுகெலும்பைக் குறுக்கிவிடும். குழந்தை வளர வளர இதை மாற்ற வேண்டும். தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு முறையும் இதையும் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

*தட்டும் கேடயமும்.* தோள்வார்களோடு வயிற்றுக்கு முன்னே ஒரு தட்டோ, 'டி' வடிவக் கேடயமோ இணைந்த இருக்கைகள் அமெரிக்காவில் முன்னொரு காலத்தில் பரவலாக விற்பனையாயின. ஒரே இழுப்பில் மாட்டிவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. சிறு குழந்தையின் முகம் அந்தத் தட்டில் மோதும், வாரும் உடலை ஒட்டி இறுகாது என்பது தெரிந்தபின் குழந்தை மருத்துவர்கள் ஐந்துமுனையையே பரிந்துரைத்தார்கள். அவ்வகை இருக்கைகள் சந்தையிலிருந்து மறைந்தன. இங்கே ஏன் குறிப்பிடுகிறோம் என்றால், வெளிநாட்டிலுள்ள உறவினர் தம் பிள்ளைகள் பயன்படுத்திய இருக்கையை அன்போடு கொண்டுவந்து கொடுப்பதுண்டு. பரணில் இருபது ஆண்டு இருந்த அப்படியொரு தட்டு வைத்த இருக்கை உங்களிடம் வந்தால் நன்றி சொல்லிப் பரணிலேயே வைத்துவிடுங்கள்.

*மோதல் திண்டு.* இது மேலே சொன்ன தட்டு அன்று. ஜெர்மனி முதலிய நாடுகளில் பெயர் பெற்ற தனி வகை. தோள்வார் கிடையாது. குழந்தையின் வயிற்றுக்கும் மார்புக்கும் முன்னே பருத்த மெத்தைத் திண்டு ஒன்று அமர்கிறது. காரின் சீட் பெல்ட் அதைச் சுற்றி இறுக்குகிறது. மோதலில் குழந்தையின் மேலுடல் முழுவதும் திண்டின் மேல் கவிழ்ந்து உருள்வதால், தோள் பிடிக்கப்பட்டுத் தலை மட்டும் முன்னே பாயும் நிலை ஏற்படுவதில்லை. முன்னோக்கிய ஐந்துமுனையோடு ஒப்பிட்டால் நேர் மோதலில் கழுத்துக்கு விழும் இழுப்பு இதில் குறைவு. தளர்வாக மாட்டும் பிழைக்கும் இடம் குறைவு. இவை மெய்யான நன்மைகள்.

ஆயினும் எங்கள் தேர்வில் இது இரண்டாம் இடத்திலேயே நிற்கிறது. இது முன்னோக்கி மட்டுமே அமரக்கூடியது. ஆகவே 15 மாதத்திற்கும் 76 செ.மீ. உயரத்திற்கும் உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. விசையின் ஒரு பகுதி வயிற்றில் விழுகிறது. வண்டி உருண்டு கவிழும் விபத்துகளில், தோளைப் பிடிக்க எதுவும் இல்லாததால் குழந்தை திண்டுக்கு மேலாக நழுவி வெளியேறலாம் என்ற ஐயம் வல்லுநரிடையே உண்டு. நான்குவழிச் சாலையில் கவிழ்ந்த வண்டிகளைப் பார்த்துப் பழகிய நம்மால் அதை எளிதில் ஒதுக்க முடியாது. மேலும் சித்திரை மாதத்து மதுரையில், தடித்த திண்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திண்டுக்கல் வரை அமர்ந்திருக்க எந்த இரண்டு வயதுக் குழந்தை இசையும்? ஐந்துமுனை வாரிலிருந்து கைகளை ஓயாமல் உருவிக்கொள்ளும் குழந்தைக்கு, வயதும் உயரமும் பொருந்தினால், மாற்றாகத் திண்டைக் கருதலாம்.

*பூஸ்டரும் சீட் பெல்ட்டும்.* 1959இல் வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை சீட் பெல்ட் பெரியவர்களின் உடலுக்கானது. ஐந்துமுனை இருக்கையை விஞ்சி வளர்ந்த குழந்தையைச் சற்று உயர்த்தி அமர்த்தி, அந்த பெல்ட்டை அதன் உடலுக்குப் பொருந்த வைப்பதே பூஸ்டரின் வேலை. கீழ்வார் வயிற்றில் படாமல் தொடையின் மேற்பகுதியில், இடுப்பெலும்பைத் தொட்டு அமர வேண்டும். மேல்வார் கழுத்தை உரசாமல், தோளின் நடுவே செல்ல வேண்டும். முதுகுப் பலகை உள்ள பூஸ்டரே சிறந்தது. நம் பயணங்களில் பாதி நேரம் குழந்தை தூங்குகிறது. பலகையும் பக்கச் சிறகுகளும் இல்லாவிட்டால் தூங்கும் குழந்தை சாய்ந்து வாரை விட்டு விலகிவிடும்.

சுமார் 145 செ.மீ. உயரம் வரும் வரை பூஸ்டர் வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பத்து முதல் பன்னிரண்டு வயது. குழந்தை முதுகை இருக்கையோடு ஒட்டி அமர்ந்து, முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்கி, இரு வார்களும் மேலே சொன்ன இடங்களில் பயணம் முழுவதும் நிற்குமானால் பூஸ்டரை விடலாம். கழுத்தை உறுத்துகிறது என்று மேல்வாரை அக்குளுக்குக் கீழோ முதுகுக்குப் பின்னோ தள்ளிவிடும் பழக்கம் சீட் பெல்ட் காயத்தொகுதிக்கு நேர்வழி.

ஒரு வகையிலிருந்து அடுத்ததற்கு மாறுவதைப் பெற்றோர் வகுப்பு உயர்வு போல் மகிழ்ந்து கொண்டாடுகிறார்கள். "எங்கள் பிள்ளைக்கு மூன்று வயதுதான், அதற்குள் பூஸ்டர்!" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் குழந்தை ஒரு படி பாதுகாப்பை இழக்கிறது. பின்னோக்கியதிலிருந்து முன்னோக்கியதற்கும், ஐந்துமுனையிலிருந்து பூஸ்டருக்கும், பூஸ்டரிலிருந்து வெறும் பெல்ட்டுக்கும் எவ்வளவு தாமதமாக மாறுகிறோமோ அவ்வளவு நல்லது.

நம் ஊருக்கென்று சில செய்திகள்

மேலைநாட்டுக் குறிப்பேடுகள் குளிர்காலக் கோட்டுக்கு மேல் வாரை மாட்டாதீர்கள் என்கின்றன. நமக்கு அந்தத் தொல்லை இல்லை, வேறு உண்டு. துவாலையில் இறுகச் சுற்றிய குழந்தைக்குக் கவட்டுவார் மாட்டவே முடியாது. குழந்தையை முதலில் வாரில் பூட்டி, பிறகு துவாலையை மேலே போர்த்துங்கள். கோயிலுக்கும் திருமணத்திற்கும் போகும்போது பட்டுப்பாவாடை வாருக்கும் உடலுக்கும் இடையே திரண்டு நின்று தளர்வை உண்டாக்கும். பாவாடையைத் தொடை வரை ஒதுக்கி, வார் உடலை ஒட்டிச் செல்ல விடுங்கள். அரைஞாணில் கோத்த தாயத்து இடுப்புவாருக்கு நேர் கீழே இருந்தால் பக்கவாட்டில் நகர்த்தி வையுங்கள். கழுத்துச் சங்கிலியைப் பயணத்தில் கழற்றிவிடுவது நல்லது.

வெயிலில் நின்ற காரில் உலோகப் பூட்டு குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். நிறுத்திச் செல்லும்போது இருக்கையின் மேல் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து வையுங்கள். திரும்பி வந்து பூட்டும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம்தானே என்று குழந்தையை மட்டும் காரினுள் விட்டுச் செல்வது, இருக்கை எவ்வளவு உயர்ந்ததாயினும், உயிருக்கே ஆபத்து.

முதல் சில மாதங்களில் குழந்தையின் தலை முன்னே கவிழ்ந்தால் மூச்சுக்குழல் மடங்கும். ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்குமாறு இருக்கையை அமைத்து, பின்னிருக்கையில் ஒருவர் குழந்தையின் முகம் தெரியும்படி அமருங்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி வெளியே எடுத்துப் படுக்க வையுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வீட்டுக்கு அழைத்துச் செல்லுமுன் எங்களிடம் கலந்து பேசுங்கள். வீடு சேர்ந்த பின் இருக்கையிலேயே தூங்கவிடுவது எந்தக் குழந்தைக்கும் வேண்டாம்.

எங்கே, எப்படிப் பொருத்துவது

பின்னிருக்கை. இதற்கு விலக்கு இல்லை. முன்பயணி ஏர்பேக் 2021 இறுதிக்குப் பின் விற்ற எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாகிவிட்டது. பெரியவரைக் காக்கும் அந்தப் பை கண்ணிமைப்பதற்குள் வெடித்து விரிகிறது. அதன் முன்னே பின்னோக்கிய குழந்தை இருக்கையையோ, மடியில் ஒரு குழந்தையையோ வைத்தால் அதுவே ஆயுதமாகிவிடும்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2024 செப்டம்பர் இறுதியில், முன்னிருக்கையில் தாயின் மடியிலிருந்த இரண்டு வயதுக் குழந்தை, மோதலில் விரிந்த ஏர்பேக்கால் உயிரிழந்ததாகச் செய்திகள் வெளியாயின. அடுத்த மாதமே, குழந்தைகளுக்குக் கார் இருக்கையையும் பூஸ்டரையும் கட்டாயமாக்கி, டிசம்பர் முதல் அபராதம் விதிக்கப்படும் என அம்மாநிலப் போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். எதிர்ப்பு எழுந்தது. அதை இப்போது நடைமுறைப்படுத்தும் எண்ணமில்லை என்று போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார் உடனே விளக்கமளித்தார். உண்மையில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவே, 14 வயதுக்குட்பட்டவரைச் சீட் பெல்ட்டோ குழந்தைப் பிணைப்போ இன்றி ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. சட்டம் நாடு முழுமைக்கும் இருக்கிறது. நம் சாலையில் அதற்காக யாரையும் நிறுத்தியதை நாங்கள் கண்டதில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, சரியாகப் பொருத்திய இருக்கை ஒரு வயதுக்குட்பட்டோரின் மரண வாய்ப்பை 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதினருக்கு 54 விழுக்காடும் குறைக்கிறது.

பின்னிருக்கையில் இடப்பக்கம் வசதியானது; சாலையோரமாக நின்று குழந்தையை ஏற்றி இறக்கலாம். இருக்கையை ஐசோஃபிக்ஸ் கொக்கிகளிலும் மாட்டலாம், காரின் மும்முனை பெல்ட்டாலும் கட்டலாம். சரியாகச் செய்தால் இரண்டும் பாதுகாப்பானவையே. ஐசோஃபிக்ஸில் தவறு செய்வது கடினம் என்பதே அதன் சிறப்பு. எந்த முறையாயினும், பெல்ட் செல்லும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்திற்கு மேல் நகரக்கூடாது. முன்னோக்கிய இருக்கையின் மேல்புறம் தொங்கும் வாரை காரின் பின்புற வளையத்தில் மாட்ட மறந்துவிடுகிறார்கள். மோதலில் தலை முன்னே பாயும் தூரத்தைக் குறைப்பது அந்த வார்தான்.

இருசக்கர வாகனத்திற்கென விற்கும் குழந்தை வாரைக் காரில் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தை ஓட்டுநரிடமிருந்து விழாமல் இருக்க, 2023 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது அது. தலைக்கவசமும், மணிக்கு 40 கி.மீ. வேக வரம்பும் அதோடு சேர்ந்தவை. மோதலைத் தாங்க அது வடிவமைக்கப்படவில்லை. முன்னிருக்கையின் தலைத்தாங்கியில் கட்டிவிடும் மலிவான துணி வார்களுக்கும் இதே பதில்.

விலை உயர்ந்ததை வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆர்44, ஆர்129 அல்லது ஏ.ஐ.எஸ். 072 சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும் முன் உங்கள் காரில் வைத்துப் பாருங்கள். ஒரு விபத்தைக் கண்ட இருக்கையை, கண்ணுக்கு விரிசல் தெரியாவிட்டாலும், மீண்டும் பயன்படுத்தக்கூடாது. ஆகவே வரலாறு தெரியாத பழைய இருக்கை வேண்டாம். அக்கா பிள்ளைக்கு வாங்கி, விபத்தில் சிக்காத, காலாவதி ஆகாத இருக்கை தாராளமாக ஆகலாம். சொந்தக் கார் இல்லாதவர்கள், சீட் பெல்ட்டால் கட்டக்கூடிய சிறிய கூடை இருக்கையை வாங்கினால் வாடகைக் காரிலும் பொருத்திக்கொள்ளலாம். ஓட்டுநரிடம் ஐந்து நிமிடம் முன்கூட்டியே வரச் சொல்லுங்கள். பூஸ்டர் இல்லாத நிலையில் ஐந்து வயதுக் குழந்தையோடு பயணம் செய்ய நேர்ந்தால், மடியில் வைப்பதைவிட, பின்னிருக்கையில் தனக்கென ஒரு பெல்ட்டோடு, கீழ்வார் தொடையில் இறங்கியிருக்க அமர்த்துவது மேல்.

இவ்வளவையும் கேட்டபின் பாட்டிமார் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை அழுதால்?" அழும். முதல் நாள் வீடு திரும்பும் பயணத்திலிருந்தே இருக்கையில் பழகிய குழந்தை குறைவாக அழும். ஒன்றரை வயதில் புதிதாக உட்கார வைக்கப்படும் குழந்தை ஓரிரு வாரம் அதிகமாகவே அழும். ஓடும் வண்டியில் மட்டும் வாரை அவிழ்க்காதீர்கள். சாலையை விட்டு ஒதுங்கிப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எடுத்து, பாலூட்டி, சற்று நடந்து, மீண்டும் பூட்டிய பின் புறப்படுங்கள். விருதுநகர் போய்ச் சேர அரை மணி நேரம் கூடுதலாகலாம்.